பின்வாசலுக்கு வந்த வேன்

போன் அலறியது.

வக்கீலம்மா எடுத்தாள். பெண் கடத்தலுக்கு எதிராக இருபது வருஷம் கோர்ட் படியேறிச் செருப்புத் தேய்ந்தவள்.

"அக்கா... சாயங்காலம் எங்கள கப்பல் ஏத்துறாங்க! ஆறு பேரு... தையல் கடை மாடி..."

டொக்!

இது நான்காவது ரெய்டு. முந்தைய மூன்றிலும் ஒரே கதைதான். விதிப்படி, மீட்கும் பெண்களைத் தங்கவைக்கும் காப்பகத்தின் தலைவி கையெழுத்திட்ட கடிதம் ஸ்டேஷனுக்குப் போகும். போலீஸ் கதவை உடைக்கும். உள்ளே... சூடு ஆறாத டீ டம்ளர்கள் மட்டும்!

"இன்ஸ்பெக்டர்தான் போட்டுக் குடுக்கிறான்" என்றாள் ஏட்டம்மா. வேலையிலிருந்து ரிட்டயர் ஆகியும் வாய் ரிட்டயர் ஆகாதவள். "இந்தத் தடவ லெட்டரே குடுக்காத தாயி."

"குடுப்பேன். ரெய்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே!"

"மூள கலங்கிடுச்சா?"

"துப்பு கெடச்சா பின்வாசல் வழியாத்தானே கெளப்புவாங்க? நாம அங்க நிப்போம்."

"அடிப்பாவி! புகை போட்டு எலி புடிக்கிறியா!"

காலை பதினொரு மணி. தையல் கடையின் பின் சந்தில் இருவரும் காரில் காத்திருந்தார்கள். ஒரு வேன் ரிவர்ஸில் வந்து நின்றது.



வக்கீலம்மா தினமும் ஏறும் காப்பக வேன்! பக்கவாட்டில் கொட்டை எழுத்தில்... 'பெண்கள் மீட்பு வாகனம்'.

தடியன் ஒருவன் ஆறு பெண்களைத் தள்ளி ஏற்றினான். எந்தப் போலீஸ் இதை நிறுத்தும்? சல்யூட் அல்லவா அடிக்கும்!

ஸ்டியரிங்கில்... காப்பகத் தலைவி. ஊரே 'பெரியம்மா' என்று கும்பிடும் அதே பெண்மணி!

ஏட்டம்மா காரைக் குறுக்கே விட்டாள். கிரீச்ச்! தடியன் எடுத்தான் ஓட்டம்.

"இன்ஸ்பெக்டர் சார், முன்கதவ உடைக்காதீங்க... பின்னால வாங்க" என்றாள் வக்கீலம்மா போனில். "உங்கள சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்பையும் இங்கயே கேட்டுடறேன்."

பெரியம்மா இறங்கினாள். வியர்வை ஆறாய் ஓடியது.

"யோசிச்சுப் பாரும்மா! என்னப் புடிச்சா காப்பகத்த இழுத்து மூடிடுவாங்க. அங்க இருக்கிற நாப்பது பொண்ணுங்க எங்கடி போவாங்க?"

வக்கீலம்மா வேனை நோக்கி நடந்தாள். 

வேன் ஜன்னலில் ஒரு முகம். போனில் கேட்ட அதே குரல்.

"அக்கா... நீங்களும் இவங்க ஆளா?"

 வக்கீலம்மா வேன் கதவைத் திறந்தாள். "இறங்கு கண்ணு."

சந்து முனையில் பூட்ஸ் சத்தம். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வயசுல எனக்கு ஜெயிலாடி?"

"கவலப்படாதீங்க பெரியம்மா. பொம்பளைங்களுக்குத் தனி ஜெயில் வேணும்னு மூணு வருஷம் கேஸ் நடத்தி வாங்கினதே நான்தான்... ஃபேன்கூட இருக்கு!"