பத்து விரல், பத்து நிறம்

என் கைதான் சரியில்லை.

மிளகு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரஷ்ஷை மெதுவாகப் பிடித்தாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். அப்படியும் அம்மாவின் கட்டைவிரலில் பூசிய சிவப்பு பாலிஷ், நகத்தின் நடுவில் குட்டிக் குளம்போலத் தேங்கியது.

"நிறைய வச்சுட்டே கண்ணு. கொஞ்சமாத் தொட்டு எடு" என்றாள் அம்மா.

"கொஞ்சமாத்தாம்மா தொட்டேன்."

"அப்ப பிரஷ்ஷுக்குத்தான் உன்மேல கோபம்."

மிளகு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் சின்னதாக இருப்பாள். பேச்சு சுள்ளென்று இருக்கும். ஆனால் பாலிஷ் போடும்போது மட்டும் அவள் பேசமாட்டாள்.

அம்மா வேலை பார்ப்பது பெரியம்மாவின் பியூட்டி பார்லரில். வருகிறவர்களின் நகங்களை வெட்டி, தேய்த்து, பாலிஷ் போடுவது அவள் வேலை. அங்கே நிறங்களைக் காட்ட அட்டை கிடையாது. அம்மாவின் விரல்கள்தான் அட்டை. பத்து விரலுக்குப் பத்து நிறம். "அந்தச் சுண்டு விரல்ல இருக்கே, அது போடுங்க" என்று வருகிறவர்கள் தொட்டுக் காட்டுவார்கள். எல்லாம் பெரியம்மாவின் யோசனை.

ஊரார் நகத்துக்கெல்லாம் பாலிஷ் போடுகிற அம்மாவுக்குத் தன் வலது கைக்கு மட்டும் போட வராது. இடது கை நடுங்கும். அதனால் வாராவாரம் அந்த ஐந்து விரல்களும் மிளகின் பொறுப்பு. பழையதைத் துடைத்த உடனே புதியதைப் போட்டுவிட வேண்டும். வெறும் நகம் இருக்கவே கூடாது.

"வெறும் நகத்தோட இருந்தா துணி இல்லாத கடைப் பொம்மை மாதிரி இருக்குடி உங்கம்மா" என்று பெரியம்மா சிரிப்பாள்.

அம்மா இடது கையால் கிண்ணத்திலிருந்து இன்னொரு ஐஸ்கட்டியை எடுத்து வாயில் போட்டாள். கடுக், முடுக். இப்போதெல்லாம் எந்நேரமும் இதுதான்.

"மாவு மெஷின் ஓடுது" என்றாள் மிளகு.

அம்மா சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் அக்கா வந்தார். எல்லோரும் கையை நீட்ட வேண்டும். ஒரு பையனின் விரல்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, மத்தியானச் சாப்பாடு பத்தலையா? நகத்தையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கே?"

வகுப்பே சிரித்தது. அவர் தன் நகத்தை அழுத்திக் காட்டினார். அழுத்தினால் வெளுக்கும். விட்டால் உடனே இளஞ்சிவப்பு திரும்பி வரும்.

"சில பேருக்கு நகம் எப்பவுமே வெளுத்துக் கிடக்கும். நடுவுல பள்ளம் விழுந்து ஸ்பூன் மாதிரி ஆயிடும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா வழியாம நிக்கும். உடம்புல இரும்புச்சத்து இல்லாம, ரத்தம் குறைஞ்சு போனா அப்படி ஆகலாம். படி ஏறினா மூச்சு வாங்கும். சிலருக்கு ஐஸ்கட்டியைக் கடிச்சுத் தின்னணும்னு ஆசையா இருக்கும். அப்படி யாராவது இருந்தா டாக்டர்கிட்ட போய் ரத்தம் பார்க்கணும்."

"ஐஸ் திங்க ஆசையா? அப்ப நம்ம எல்லாருக்குமே ரத்தம் இல்லக்கா!" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

மிளகு சிரிக்கவில்லை. பாலிஷ் ஏன் நடுவில் தேங்கியது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அன்று மாலை அம்மா மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறி வந்தாள். கூடவே பெரியம்மா. அவள் கையில் ஒரு பை; பை நிறையப் புதுப் பாலிஷ் பாட்டில்கள்.

"வாடி மிளகு! நாளைக்குக் கல்யாண வீட்டுக்காரங்க கூட்டமா வர்றாங்க. எல்லாம் புது நிறம். உங்கம்மா கையைப் பளபளன்னு ஆக்கு, பார்ப்போம்!"

பாட்டில்களை எடுத்துத் தரையில் அடுக்கி, ஒன்றைத் திறந்தும் வைத்தாள். மிளகு ரிமூவரையும் பஞ்சையும் எடுத்து வந்தாள். சிவப்பு, ஊதா, பொன் நிறம் என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. வலது கை முடிந்ததும் இடது கையையும் துடைத்தாள். பத்து நகங்களும் வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருந்தன. தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டாள்.

சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"பெரியம்மா, உங்க கையைக் குடுங்க."

பெரியம்மாவின் நகத்தில் விட்ட சொட்டு வழிந்து ஓடியது.

"என்னடி இது, வித்தை காட்டுறியா?"

மிளகு நர்ஸ் அக்கா சொன்னதைச் சொன்னாள். பெரியம்மாவின் சிரிப்பு மெல்ல மறைந்தது. அவள் தங்கையின் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, எத்தனை நாளா இப்படி? எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"தலை சுத்துதேன்னு போன மாசம் மருத்துவ முகாமுக்குப் போனேங்க்கா. அங்க இருந்த டாக்டருங்க விரலைப் பார்த்துட்டு, 'அடேங்கப்பா, என்ன அழகு! எங்களுக்கும் போட்டு விடுங்களேன்'னு சிரிச்சாங்க. சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. நாலு மாத்திரை."

அம்மா இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

முகாமில் அவர்கள் பாராட்டிய வலது கையில் இருந்தது மிளகு போட்ட பாலிஷ். அன்று அதை எவ்வளவு ஒழுங்காகப் போட்டோம் என்று நினைத்து அவள் பெருமைப்பட்டிருந்தாள்.

பெரியம்மா பாட்டில்களைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி, டாக்டர்கிட்டப் போவோம். கண்டிப்பாப் போவோம். நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா நாளைக்கு ஒரு நாள் மட்டும் சமாளிச்சுடுவோம். கல்யாணக் கூட்டத்தை வச்சுக்கிட்டு வெறும் கையோட எப்படி உக்கார வைக்கிறது? மிளகு, நீ போட்டு விடு, என் செல்லமில்ல?"

அம்மாவும் கையை நீட்டினாள்.

"போட்டு விடு கண்ணு. நான் வீட்ல உக்காந்துட்டா அக்கா என்ன பண்ணும், பாவம். வேற ஆளைத்தான் தேடணும்."

மகளிடம் பேசினாலும் அம்மாவின் கண்கள் அக்காவின் முகத்தில் இருந்தன. வேறு ஆளா, என்னடி பேச்சு இது என்று பெரியம்மா சொல்வாள் என்று மிளகு காத்திருந்தாள். அம்மாவும் காத்திருந்தாள்.

பெரியம்மா குனிந்து பையின் காதைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் மிளகு சுள்ளென்று எதையாவது சொல்லிவிடுவாள். இன்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அம்மாவின் முகம் ஏற்கெனவே அடிபட்டதுபோல இருந்தது.

திறந்திருந்த பாட்டிலை எடுத்தாள். பெரியம்மாவின் முகம் தெளிந்தது. மிளகு அதன் மூடியை இறுக்கமாகத் திருகிப் பைக்குள் போட்டாள். அடுத்த பாட்டில். அதற்கும் அடுத்தது. எல்லாவற்றையும் போட்டு, பையைப் பெரியம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என்னடி இது?"

"டாக்டர் நாளைக்கு இந்த நகத்தைப் பார்க்கணும், பெரியம்மா."

"ஒரே ஒரு நாள்தானேடி..."

அம்மாவின் நீட்டிய கை இன்னும் அப்படியே இருந்தது. மிளகு அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. அதைச் சூடாக்குவதுபோல இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"போட்டு விடு கண்ணு" என்றாள் அம்மா மறுபடியும். இந்த முறை குரல் மிகவும் சன்னமாக இருந்தது.

"மாட்டேன்மா" என்றாள் மிளகு, அதைவிடச் சன்னமாக.