ஒரு கரண்டி நன்றி

வியாழனின் நிலவான யூரோப்பாவில், பனிக்கூரைக்கு அடியில் இருந்த ஆழிப்பட்டினத்தில், கடலுக்கு ஊட்டாமல் காலையில் யார் பல்லிலும் பச்சைத்தண்ணீர் படாது. வீட்டுக்கு ஒரு கரண்டி தழைச்சத்து நீர். மனிதர்களே உண்டாக்கிய குட்டிக் கடல்தான். ஆனால் அதன் நெத்திலிதான் ஊரையே வளர்த்தது. கடல்காவலர் சகாயமேரியின் இரண்டு பிள்ளைகளும் அந்த மீனைத் தின்று எழுந்து நடந்தவர்கள். நன்றி சொல்ல வேண்டாமா? அவள் மட்டும் இரண்டு கரண்டி ஊற்றுவாள்.

அப்படிப்பட்ட கடலில் நெத்திலி ஈர்க்குச்சியாய் இளைத்துப்போனது. தண்ணீரோ பச்சைப்பசேலென்று இருந்தது. மீன் அற்றுப்போனால் ஊரையே மூட்டை கட்டிப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். சகாயமேரி கரைக்கு ஓடினாள்.

கடலைச் சோதிக்கும் எந்திரன் ஆழியன், வழக்கம்போலக் கரைப்படியில் வழுக்கி விழுந்து, எழுந்து, நீரைச் சுவைத்தான்.

“தழைச்சத்து மிகுந்துவிட்டது, அம்மா. மணிச்சத்தும் மணற்சத்தும் அதற்கு ஈடாக இல்லை. கண்ணாடி ஓடு கட்டும் நுண்பாசிக்கு மணற்சத்து வேண்டும். அது அழிந்து, சத்தில்லாத வேறு பாசி பெருகிவிட்டது. அதைத் தின்னும் துள்ளுப்பூச்சிகளுக்கு வயிறு நிறைகிறது, உடம்பு வளரவில்லை. பூச்சியை நம்பிய நெத்திலிக்கும் அதே கதி.”

“இப்ப என்னய்யா செய்யணும்?”

“ஊற்றாதீர்கள்.”

அவள் கரைக்கதவைப் பூட்டினாள். ஊர் கொதித்தது.

“சோறு போட்ட கடலுக்கு ஒரு கரண்டி குடுக்க மனசில்லையாக்கும்? நன்றி கெட்டவளே!” என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை கத்தினார்.

“அண்ணாச்சி, நாம கொட்டிக் கொட்டியே அதைக் கொல்லுதோம்! கொஞ்ச நாள் சும்மா இருப்போம்!” அழுகையை அடக்கிக்கொண்டு சாவியை இடுப்பில் செருகினாள்.

பச்சை மெல்ல வெளுத்தது. நெத்திலி கொழுத்து வந்தது. முதல் வலையை இழுத்த பொன்னுத்துரை, மீனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “தாயி, வாய் தவறிப் பேசிட்டேன்” என்றார். சகாயமேரி கடலைப் பார்த்துக் கும்பிட்டாள், வெறுங்கையோடுதான்.

பிறகு ஆழியனிடம் ஓடி வந்தாள். “ராசா, என் வயித்துல பாலை வார்த்திட்டியே! நீ நல்லா இருக்கணும்!” தினமும்போல அவன் முழங்கால் மூட்டில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டாள். மனசு ஆறாமல் இன்னொரு கரண்டியும் மொண்டாள்.

ஆழியன் தன் காலடியில் வழிந்து சொட்டிய எண்ணெயைக் குனிந்து பார்த்தான்.

“அம்மா, நான் ஏன் தினமும் வழுக்கி விழுகிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லையே?”