அரக்கு வைத்த கவர்

"சார்... குடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க. லெட்டர் நனையுது."

சொல்லும்போதே கிருஷ்ணவேணிக்குக் கோபம். திண்டிவனத்தில் பஸ் கிளம்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை... அதற்குள் சீட்டருகில் நின்றவனின் குடை, வெளியே பெய்த ஆவணி மழையை அவள் மடியில் இன்னொரு தரம் பெய்துகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க" என்று குடையை மாற்றிப் பிடித்தவன், கடிதத்தைப் பார்த்ததும் குனிந்து உற்றுப் பார்த்தான். சாதுவான, பெரிய கண்கள்... ச்சே, கோபமா இருக்கும்போது இதையெல்லாமா கவனிப்பது?

"இன்சூரன்ஸ் ஆபீஸ் லெட்டருங்களா?"

"ஆமா. ஆபரேஷனுக்குப் பணம் தருவீங்களான்னு கேட்டா, 'அழகுக்கான சிகிச்சை, தர இயலாது'ன்னு ஒத்தை வரி எழுதியிருக்காங்க. விழுப்புரம் போய் அந்த மகராசன் யாருன்னு பார்க்கணும்."

"விழுப்புரம் வரைக்கும் போக வேணாங்க. நான்தான் அது. தேவநாதன்... கிளெய்ம் செக்‌ஷன் கிளார்க்கு."

அவள் கடிதத்தைச் சட்டென்று மடித்தாள். அவனோ, உதவுகிற ஆர்வத்தில், பஸ் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "நாற்பது கிலோ இளைச்ச டீச்சர் நீங்கதானே? தொங்குற தோலை எடுக்கணும்னு மட்டும்தான் டாக்டர் எழுதியிருக்கார். அதுல புண்ணு, சீழுன்னு ஏதாச்சும் இருந்தா பணம் உண்டுங்க."

முன் சீட்டில் நான்கு தலைகள் திரும்பின.

விக்கிரவாண்டி வந்ததும் அவள் இறங்கிவிட்டாள், கொட்டுகிற மழையில்.

புண் இருந்தது. சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியதில், மூன்று வருஷம் கேப்பைக் கூழும் நடையுமாக உடம்பைக் குறைத்தாள். உடம்பு இளைத்தது, தோல் இளைக்கவில்லை. வயிற்று மடிப்புக்கு அடியில் ஓயாத ரணம். புடவைக் கட்டு உரச உரச, நாளெல்லாம் நின்றே பாடம் நடத்தினாள். ஆனால் சர்டிபிகேட்டில் அதை எழுத வேண்டாம் என்று டாக்டரைக் கெஞ்சியதும் அவளேதான். ஆம்பளைங்க ஆபீஸ்... பத்துப் பேர் படிப்பார்களே. கம்பெனி பணம் தராவிட்டால் இந்த ஜன்மத்தில் ஆபரேஷன் இல்லை. அப்பாவின் ஒரு காணி மல்லாட்டையில், அந்த வேர்க்கடலை விற்ற காசில், அதெல்லாம் நடக்காது.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏற வந்தபோது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவன் நின்றிருந்தான். கையில் ஒரு காலி காக்கிக் கவர்.

"நேத்து நாலு பேர் முன்னாடி கத்திட்டேன். தப்புதாங்க" என்றான் மெல்லிய குரலில். "எங்க கம்பெனிக்கு ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. உங்க டாக்டரை எல்லாத்தையும் எழுதச் சொல்லி, அந்தம்மா பேருக்கு ஒட்டிக் குடுங்க. நாங்க யாரும் பிரிக்க மாட்டோம்."

"எப்படி நம்பறது?"

"அரக்கு வெச்சுக் குடுங்க."

வைத்தாள். பரீட்சைப் பேப்பர் கட்டுக்கு வைக்கிற அரக்கைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, ஒன்று போதும் என்கிற இடத்தில் ஐந்து வைத்தாள்.

"அடேங்கப்பா... இது கவருக்கா, எனக்கா?"

"உங்க வாய்க்கு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோனாள்.

ஆனால் அதன் பிறகு அவன் பேசவே இல்லை. "வணக்கம் டீச்சர்" என்று தள்ளி நின்றே சொல்வான். பஸ் வந்ததும் பின்வாசலில் ஏறிக்கொள்வான். படித்துவிட்டான்... படித்து அருவருத்துவிட்டான். பணம் தருவதாகக் கடிதம் வந்த நாளிலும் அவளுக்கு அழுகைதான் வந்தது.

மெட்ராஸில் ஆபரேஷன் முடிந்து கார்த்திகையில் திரும்பினாள். அதே பஸ் ஸ்டாண்ட். அதே குடை. மழையும் இருந்தது.

"உடம்பு தேவலையா, டீச்சர்?"

"கவரைப் பிரிச்சுப் படிச்சீங்கதானே? அதனாலதானே பேசாம ஒதுங்கிப் போனீங்க?"

அவன் திகைத்தான். "அஞ்சு அரக்கும் உடையாம டாக்டரம்மா கையில குடுத்தேங்க. ஃபைல் என் மேஜையில இருக்கும்போது நாம சிரிச்சுப் பேசிக்கினு இருந்தா, பணத்துக்காகன்னு உங்களைத்தான் பேசுவாங்க. போன வாரம்தான் ஃபைலை மூடினோம்."

இரண்டரை மாசம்... இதற்காகவா?

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "அப்ப நானே சொல்றேன். வயித்து மடிப்புக்கு அடியில புண்ணு இருந்துச்சு. இப்ப ஆறிடுச்சு. ஆனா இடுப்பைச் சுத்திப் பெரிய தழும்பு இருக்கு. அது போகாது."

"வலி போச்சுங்களா?"

"போச்சு."

"அது போதுங்க" என்றான் அவன். கண்ணை அவன் திருப்பவில்லை. "டாக்டரம்மா சரின்னாங்க. 'அழகுக்கான சிகிச்சை அல்ல'ன்னு ஃபைல்ல நோட்டு எழுதினது நான்தான். இப்ப உங்க முகத்தைப் பார்த்தா... பொய் எழுதிட்டேனோன்னு பயமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"உங்களைப் பிடிச்சிருக்குங்க. குடைக்குக் கோவிச்சீங்களே... அன்னியிலிருந்து."

விழுப்புரம் பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை. குடை இப்போது அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவன் தோள் நனைந்துகொண்டிருந்தது.

"எனக்கும்தான்" என்றாள் கிருஷ்ணவேணி. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசுங்க. லெட்டர் மட்டும் போட்டுடாதீங்க... நீங்க ஒத்தை வரிதான் எழுதுவீங்க."