பிடித்துக்கொண்ட தோல்

புண் ஆறிக்கொண்டிருந்தது. கண்டக்டருக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

சர்க்கரைக்காரன் காலில் எதுவும் இவ்வளவு சுருக்கில் ஆறாது. முப்பது வருஷம் பஸ்ஸில் நின்று மரத்துப்போன கால் அது. செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு ஒரு நாள் முழுக்க டிக்கெட் கிழித்தவர் அவர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தார். அந்த ஓட்டை ஏழு மாதம் ஆறாமல் படுத்தியது. கடைசியில் தொடையில் தோலைச் சீவி எடுத்து, வலை மாதிரி துளை போட்டு இழுத்து, பாதத்தில் ஒட்டினார்கள்.

“பிடிச்சா கால் தப்பிச்சுது. இல்லேன்னா முட்டிக்குக் கீழ எடுத்துரலாம்” என்றார் டாக்டர், நகம் வெட்டச் சொல்வதுபோல.

பிடித்துக்கொண்டது.

தினமும் மதியம் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த வழி. மருந்து நெடி மூக்கில் ஏற, மேலே மின்விசிறி கடகடவென்று இழுத்துக்கொண்டிருக்க, ஜன்னல் வெயிலைக் கண்ணாடியில் வாங்கிப் பாதத்தின் மேல் மெல்லத் திருப்பியவர், வலைக் கட்டங்கள் புண்ணின் விளிம்பைத் தாண்டி நல்ல தோலின்மேல் போயிருப்பதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

பேனாவால் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தார். மறுநாள் கோடு கட்டங்களுக்குள் போயிருந்தது. அடுத்த நாள் விரல் இடுக்குகள் மூடியிருந்தன. பிறகு கணுக்கால். கிள்ளிப் பார்த்தார். கட்டம் ஏறிய இடமெல்லாம் உணர்ச்சி செத்த இடம்.

கட்டு மாற்றும் மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா?

“ஏங்க, இது பெருசாகுதே. டாக்டர்கிட்ட சொல்லிரலாமா?”

“சொன்னா காலை எடுத்துருவாங்க. நீ வாயைத் திறக்காம இரு.”

“அப்போ வேண்டாம்.”

“கையில உறையாவது மாட்டிக்கோடி.”

“என் புருஷன் கால்தானே. அதுக்கு எதுக்கு உறை?”

வெறும் விரலால் மருந்தைத் தடவினாள். மெதுவாக, பதமாக. அவருக்குப் பயம்தான். ஆனால் அந்தக் கட்டங்களைவிட, ஒற்றைக் காலோடு கட்டிலில் கிடப்பதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. டாக்டரைப் பார்க்கப் போகாமலே இரண்டு வாரத்தைத் தள்ளினார்.

ஒரு மதியம் குளிக்க உட்கார்ந்தார். காலில் பிளாஸ்டிக் பை கட்டியாயிற்று. வெந்நீர் வரவில்லை.

“ஏம்மா, ஆச்சா?”

“சூடே ஏறலீங்க.”

காத்திருந்தார். சமையலறையில் தளதளவென்று சத்தம். தண்ணீர் கொதிக்கிற சத்தம். அடுப்பில் சிந்திச் சுரீரென்றது. மூடி தடதடத்து விழுந்தது.

“ஏம்மா?”

“கொஞ்சம் பொறுங்க.”

சுவரைப் பிடித்து எழுந்தார். நடந்தார். வாசற்படியில் நின்றார்.

ஒரே ஆவி. அடுப்பு எரிகிறது. பாத்திரம் கொதித்துப் பொங்குகிறது. அவள் முதுகு.

சூடு பார்க்கிறாள். மணிக்கட்டுவரை கை உள்ளே. நிதானமாகத் துழாவுகிறாள்.

ஆவி விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சின்னச் சின்னக் கட்டங்கள்.

அவள் திரும்பிச் சிரித்தாள்.

“இன்னும் பச்சைத் தண்ணியாவே இருக்குங்க.”