கதவு மாதிரி ஒரு கிட்டார்

ஆறாவது கம்பியையும் முறுக்கி முடித்ததும் அப்பா கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு கிட்டாரை ரினியிடம் நீட்டினார்.

"நீயே மொதல்ல மீட்டு, மக்ளே."

ரினி பெருவிரலால் ஆறு கம்பிகளையும் ஒன்றாக வருடினாள்.

சத்தம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. போர்வைக்குள் யாரோ இருமியது போல இருந்தது.

இருவரும் பால்கனியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கீழே சாலையில் ஒரு லாரி பின்னால் நகரும் 'பீப், பீப்' சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா தேவசுந்தரம் ஷார்ஜாவில் ஒரு கதவுப் பட்டறையில் தச்சர். எத்தனையோ வில்லாக்களின் வாசலில் அவர் செய்த கதவுகள் நிற்கின்றன. கிட்டார் செய்வது இதுதான் முதல்முறை. அதுவும் பெர்லின் மாமாவுக்காக.

பெர்லின் மாமா, அம்மாவின் தம்பி. கிறிஸ்துமஸ் மாதத்தில் தமிழ்ச் சபைக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அந்தக் கீத பவனியில் கிட்டாரோடு முன்னால் நடப்பவர் மாமாதான். போன ஆகஸ்டில் கிட்டாரைக் காருக்குள் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால், வெயிலில் பசை இளகி, அது பலாப்பழம் மாதிரி பிளந்து கிடந்தது.

"போவட்டும். இந்த வருசம் தண்ணி கேனத் தட்டிப் பாடிருவோம்" என்று மாமா சிரித்தார். ஆனால் அன்று தட்டில் வைத்த மீனை அவர் தொடவே இல்லை. ரினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம செஞ்சு குடுப்போமாப்பா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டில் கழுத்து ஆயிற்று. 'ஒயிட் வுட்' என்று சொல்லும் வெளிர்நிறப் பலகையில் மேல்பலகை ஆயிற்று. அளவுக்குக் காகிதம் வெட்டியது ரினி. பக்கப் பலகையை நனைத்து, சூடான குழாயில் அப்பா வளைத்தபோது, மறுமுனையைப் பிடித்துக்கொண்டதும் ரினி. வேலை செய்யும்போது இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசாமல் இருப்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இப்போதைய மௌனம் மட்டும் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கீத பவனி. இன்று புதன்.

"கம்பி புதுசுல்லா? ரெண்டு நாள் போனா சரியாவும்" என்றார் அப்பா. சொன்னது அவருக்கே நம்பிக்கையாக இல்லை.

ரினி கிட்டாரின் வயிற்றை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டக். டக். டக்.

"ஏட்டி ரினி, யாரோ கதவத் தட்டுறாங்க!" சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள். நைட் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், கையில் கரண்டியோடு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே சாத்தினாள்.

ரினி மறுபடி தட்டினாள். டக். டக்.

"இந்தா, மறுபடியும்!" அம்மா மறுபடி திறந்தாள். எதிர் வீட்டுப் பூனைதான் நிமிர்ந்து பார்த்தது.

ரினி சிரித்துவிட்டாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அப்பா, நீங்க கிட்டார் செய்யல. கதவு செஞ்சிருக்கீங்க."

ரினி எழுந்து வீட்டுக்குள் போனாள். அப்பா செய்த சமையலறை அலமாரியைத் தட்டினாள். டக். கட்டிலைத் தட்டினாள். டக். துணி அலமாரியின் பின்பக்கத்தில் மெல்லிய பலகை ஒன்று இருந்தது. அதைத் தட்டினாள்.

டும்ம்ம்.

காதை வைத்துக் கேட்டாள். அந்தச் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்பா, மேல்பலகை ரொம்பத் தடிமன். மெலிசாக்கணும்."

"அதெப்படி? ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும், மக்ளே. மெலிசாக்குனா பிளந்துரும். நான் செஞ்ச கதவு ஒண்ணாவது பிளந்து திரும்பி வந்திருக்கா?"

"கதவு வெளிச் சத்தத்த உள்ள விடாம நிக்கணும். இது உள்ள இருக்குற சத்தத்த வெளிய விடணும்லப்பா? தாங்குறதுக்குத்தான் உள்ள குறுக்குச் சட்டம் வச்சிருக்கீங்களே."

அப்பா கிட்டாரின் துளைக்குள் விரலை விட்டு, குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"அம்மாவோட இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வா."

கம்பிகளைக் கழற்றினார். கம்பிகளைத் தாங்கும் கட்டையின்மேல் ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் மெல்ல ஒற்றினார். பசை இளகி, கட்டை கழன்று வந்தது.

"ஓஹோ! என் யூனிஃபார்முக்கு இல்லாத இஸ்திரி கிட்டாருக்கா?" என்றாள் அம்மா. கசங்கிய சட்டையோடு செருப்பை மாட்டிக்கொண்டு, போகும்போது கிட்டாரைத் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்பா இழைப்புளியைக் கையில் எடுத்தார். ஆனால் பலகைமேல் வைக்காமல் நின்றார்.

"கதவுன்னா எனக்குக் கண்ணளவு தெரியும். இதுல எங்க நிறுத்தணும்னு தெரியாது. கூடுதலா சீவிட்டா அவ்வளவுதான், வேற பலகை இல்ல."

"நான் தட்டிச் சொல்றேன்."

அப்பா சீவினார். பூண்டுத் தோல் மாதிரி மெல்லிய சீவல்கள் சுருண்டு விழுந்தன. ரினி தட்டினாள். டக்.

"இன்னும்பா."

மறுபடி சீவினார். டொக்.

"இன்னும்."

பிறகு உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்த்தார். ரினி ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டு, கண்ணை மூடி, சத்தம் முழுவதும் தீரும்வரை காத்திருந்தாள். அவள் கேட்டு முடிக்கும்வரை அப்பா மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

டொம்.

"இன்னும் கொஞ்சம்."

டும்ம்.

ரினி கண்ணைத் திறக்கவில்லை. பலகையின்மேல் ஓர் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மறு கையால் தட்டினாள். பூனையின் முதுகில் கை வைத்தது மாதிரி உள்ளே ஏதோ நடுங்கியது.

"போதும்பா."

"இன்னும் ரெண்டு தேய் தேச்சா இன்னும் நல்லா வரும்லா?" அப்பாவுக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. உப்புத்தாள் மறுபடி பலகைக்கு வந்தது.

ரினி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம். இதுதான். போதும்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

கட்டையை மறுபடி ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, வியாழன் முழுவதும் காய விட்டார்கள். ரினி பள்ளியில் ஒரு கணக்கையும் ஒழுங்காகப் போடவில்லை. 'பிளந்துவிட்டால்?' என்ற கேள்விதான் ஒவ்வொரு கணக்குக்கும் குறுக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பெர்லின் மாமா வந்தார். தோளில் நிஜமாகவே ஒரு காலித் தண்ணீர் கேன் இருந்தது.

"மருமவளே, நம்ம பேண்டு செட் ரெடி!"

"அத எறக்கி வைங்க மாமா" என்றாள் ரினி.

அப்பா கிட்டாரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். சீவிய பிறகு கம்பிகளைத் தளர்வாக மாட்டியிருந்தார்களே தவிர, இன்னும் யாரும் மீட்டவில்லை. முதலில் மீட்ட வேண்டியவர் மாமாதான் என்று இருவரும் பேசாமலே முடிவு செய்திருந்தார்கள்.

மாமா கம்பிகளை முறுக்கிச் சுதி சேர்த்தார். ஒவ்வொரு முறுக்குக்கும் ரினி குனிந்து பலகையைப் பார்த்தாள். பலகை அசையவில்லை. மாமா மீட்டினார்.

அந்த ஒலி அறையை நிறைத்து, பால்கனி வழியாக வெளியே போய், மெதுவாகக் கரைந்தது.

"அத்தான்," மாமா கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கடையில வாங்குனது?"

"கடையா?" அப்பா நிமிர்ந்து நின்றார். வேலையைப் பற்றி யார் புகழ்ந்தாலும் தலையைக் குனிந்துகொள்பவர், இன்று குனியவில்லை. "சீவுனது நான், மாப்ளே. காது இவளோடது. நிறுத்துன்னு இவ சொல்லலேன்னா இந்நேரம் ஓட்டையாக்கிருப்பேன்."

மாமா தண்ணீர் கேனைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, "ஏட்டி மருமவளே, இன்னைக்கு நீதான் எங்கூட முன்னால நடக்கணும்" என்றார்.

முதல் வீட்டில் பாடி முடித்ததும் மாமா எல்லாரிடமும் சொன்னார், "இந்தக் கிட்டார் என் மருமவளும் அத்தானும் செஞ்சது!" ரினி கூட வந்த அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இரண்டாவது வீட்டிலும் சொன்னார். ரினி ஒளியவில்லை, தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த வீட்டில் கதவு திறந்தது. மாமா பாடத் தொண்டையைச் செருமினார். அதற்குள் ரினி ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"இந்தக் கிட்டார் நாங்க செஞ்சது. இப்பக் கேளுங்க!"