ஏசியே இருக்கட்டும்

மதியம் மூன்று மணிக்கு ரிப்பேர் வேலைக்குப் போனேன். பழைய வீடு, உள்ளே அப்போதே இருட்டு. சூடேறிய தூசியின் வாடை. கூடத்து மேஜையில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர், பக்கத்தில் டேப் ரெக்கார்டர். ஸ்பீக்கரில் அடங்காத உறுமல்.

"இந்த இரைச்சலை எடுத்துக் குடுங்க தம்பி, போதும்," என்றார் அந்த அம்மா. ஆறு வயதில் இறந்த மகளின் குரல் ஒரே ஒரு டேப்பில்தான் இருக்கிறதாம். உறுமலில் பாதி முழுகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையரைச் செய்த கணவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். "இருபது வருஷமா கேட்டேன். ஊரு ரேடியோவை எல்லாம் சரி பண்ணுவாரு, இதை மட்டும் தொட மாட்டாரு."

வால்வுக்குள் சிவக்கும் ஹீட்டர் கம்பிக்கு ஏசி மின்சாரம் போகிறது, அதுதான் உறுமுகிறது. டிசியாக மாற்றினால் அடங்கிவிடும். அரை மணி நேர வேலை என்று சொல்லி, பெட்டியைக் கவிழ்த்தேன்.

வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. ஏசியை டிசியாக்கும் டயோடுகள், தடித்த கெபாசிட்டர், எல்லாம் சுத்தமாகப் பற்றவைத்தவை. அதன்பிறகு அந்தக் கணவரே ஒயரை வெட்டி, பழையபடி ஏசிக்குத் திருப்பியிருக்கிறார். தகட்டில் பென்சில் எழுத்து: ஏசியே இருக்கட்டும்.

கிழவரின் கிறுக்கு என்று நினைத்தேன்.

"சார் வேணாம்னு எழுதியிருக்காரு."

"அவர் எதுக்குத்தான் வேணும்னாரு? நீங்க போடுங்க."

வெட்டிய ஒயர்களைச் சேர்த்துப் பற்றவைத்தேன். அந்த அம்மா என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உறுமல் போயிற்று. டேப்பில் குழந்தை எண்ணியது. ஆறுக்கு அப்புறம் எட்டு.

"ஏழு மட்டும் வரவே வராது அவளுக்கு," என்று சிரித்தார்.

டேப் முடிந்தது. ரெக்கார்டரை நிறுத்தி, அதன் பிளக்கையும் பிடுங்கினேன்.

ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது.

சின்ன மூச்சு.

"அம்மா, நீயும் வா."

பிறகு, கிசுகிசுப்பாக: "அப்பா வேணாங்கிறாரு."

கட்டிங் பிளேயரை எடுத்தேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "வெட்டாதீங்க."

வெட்டினேன். ஏசிக்கே திருப்பினேன். உறுமல் வந்து எல்லாவற்றையும் மூடியது.

"நீங்களும் அவரு மாதிரியேதான்," என்றார். வாசல்வரைகூட வரவில்லை.

மனசு கேட்காமல் நான்கு நாள் கழித்து மறுபடி போனேன். கதவு திறந்திருந்தது. வால்வுகள் சிவந்திருந்தன.

உறுமல் இல்லை.

மேஜையில் சால்டரிங் அயர்ன் பிளக்கிலேயே கிடந்தது. சேர்த்த ஒயர்களில் ஈயம் கட்டிகட்டியாக, பழக்கமில்லாத கை. நாற்காலியில் அந்த அம்மா. தொட்டேன். சில்லிட்டிருந்தார்.

ஸ்பீக்கரில் குழந்தை எண்ணிக்கொண்டிருந்தது. நாலு. அஞ்சு. ஆறு.

"ஏழு," என்றது அந்த அம்மாவின் குரல், ஸ்பீக்கரிலிருந்து.

குழந்தை சிரித்தது. அதற்குப் பின்னால், மிகவும் களைத்த ஓர் ஆண் குரல்.

"எழுதி வெச்சிருந்தேனே தம்பி."