நூற்றுக்கு எழுபத்தாறு

காலை 7.10. காம்பார் ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டமாயிருந்து செம்பனைக் காடாகிவிட்ட இடத்தில் சன்னாசி குப்புறக் கிடந்தார். கழுத்தில் மூன்று வெட்டு. தலை தோலில்தான் தொங்கியது. ஐந்து மணிக்குப் பிடித்த மழை ஆறரைக்குத்தான் விட்டிருந்தது. ரத்தம் சேற்றோடு கரைந்து ஓடியிருந்தது. உடலைப் புரட்டியபோது அடியில் சருகுகள் நொறுங்கின.

மருமகன் கோகிலன் இன்ஸ்பெக்டர் கலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஆறு மணிக்கு மேடம். உஸ்மான் அண்ணே கடையில ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மாமா பைக்குல போனாரு லா."

கடை கேமராவில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை அவன் இருந்தான்.

9.30. நிலையத்தில் சார்ஜன்ட் தனேஷ், யார் கொன்றிருக்கலாம் என்று கணிக்கும் மென்பொருளில் கொலை நேரம், ஆட்கள் இருந்த இடம், பழைய வழக்குகள் எல்லாவற்றையும் ஏற்றினான்.

"தர்மா, நூத்துக்கு எழுபத்தாறு. கோகிலன் நாலுதான் மேடம்."

தர்மா சன்னாசியின் பக்கத்து வீட்டுக்காரன், அவரை வெட்டுவேன் என்று மிரட்டியவன். அடிதடியில் உள்ளே போய் வந்தவன். கலாதேவிக்கும் அவன்மேல்தான் சந்தேகம். ஊரார் அடித்ததில் அவன் உதடு கிழிந்திருந்தது.

"வெட்டுவேன்னு சொன்னேன், வெட்டல. அஞ்சரை வரைக்கும் ஈப்போ பேக்டரியில வேலையில இருந்தேன்."

தொழிற்சாலைப் பதிவும் அதையே சொன்னது. ஆறு மணிக்கு மேல் என்றால் அவன் வந்து வெட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சருகுகள்? கலாதேவி சட்டென எழுந்தாள்.

"தனேஷ், ஆறு மணின்னு சொன்னது யாரு?"

"கோகிலன்."

"அஞ்சுக்கு முன்னாடின்னு போடுங்க."

கோகிலன், எழுபத்தொன்று. தர்மா, இரண்டு.

11.15. கோகிலன் வீட்டுக் கொல்லை.

"மாமா உடம்புக்கு அடியில தரை ஏன் காஞ்சிருந்துச்சு, கோகிலன்?"

பதிலுக்கு, கோகிலன் சாக்குக்குள்ளிருந்து உருவிய பாராங் கத்தி பாய்ந்தது. தனேஷின் முழங்கை கிழிந்து ரத்தம் பீறிட்டது. அடுத்த வீச்சுக்கு முன் கலாதேவியின் தடி கோகிலனின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்தது. விழுந்த பாராங்கின் பிடிக்கயிற்றில் காய்ந்த ரத்தம்.

"நீதான் கொன்னே. மழைக்கு முன்னாடியே செத்தவரு ஆறு மணிக்கு எப்படிடா பைக் ஓட்டுவாரு?"

கோகிலன் தன் மனைவியான சன்னாசியின் மகள் புனிதாவின் தாடையை உடைத்த வழக்கில், வியாழக்கிழமை சன்னாசி அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவிருந்தார்.

தனேஷ் கையில் துண்டை இறுக்கினான். "சிஸ்டம் கவுத்துருச்சே மேடம்."

"அவன் சொன்ன பொய்ய நாமதான அதுக்கு ஊட்டினோம். சருகு அதுக்குத் தெரியாது. ஆனா அவன் அழுகையில நான் ஏமாந்தேன், அது ஏமாறல."

வியாழக்கிழமை, கம்பி கட்டிய தாடையோடு நீதிமன்றத்துக்கு வந்த புனிதா, அப்பா சொல்லவேண்டியதைத் தன் கையால் எழுதிக் கொடுத்தாள்.